120 லிட்டர் பவளத் தொட்டி: எந்த மீன் எதனோடு ஒத்துப்போகும்?

அலைவாய்க்கரை, சென்னை | ஜனவரி 11

வணக்கம். பன்னிரண்டு ஆண்டுகளாக நன்னீர் மீன்கள் வளர்த்து வருகிறேன். கப்பியில் தொடங்கி டிஸ்கஸ் வரை வந்தாயிற்று. கடல்நீர்த் தொட்டி வைக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. சென்ற தீபாவளியை ஒட்டித்தான் அது கைகூடியது.

தொட்டியின் அளவு 60 × 45 × 45 செ.மீ. கணக்குப்படி 121 லிட்டர். பாறையும் மணலும் அடைத்த இடம் போக, தண்ணீர் 100 லிட்டர்தான் இருக்கும். உலர்ந்த செயற்கைப் பாறை 12 கிலோ போட்டிருக்கிறேன். ஒன்பது வாரமாக ஓடுகிறது. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். உப்படர்த்தி 1.025, வெப்பநிலை 26. நத்தைகள் ஆறும் மென்பவளம் இரண்டு துண்டும் இருக்கின்றன. மீன் இன்னும் ஒன்றுகூட விடவில்லை.

என் மனத்தில் இருக்கும் பட்டியல் இது: ஆரஞ்சுக் கோமாளி மீன் இரண்டு, அவை குடியிருக்க ஒரு கடல் சாமந்தி (அனிமோன்), நான்கு செ.மீ. புளூ டாங் குட்டி ஒன்று, மாண்டரின் ஒன்று, சிக்ஸ்லைன் ராஸ் ஒன்று, மூன்று கோட்டு டாம்சல் மூன்று, சுத்தம் செய்யும் இறால் இரண்டு.

எல்லாம் சிறிய மீன்கள்தாம், ஒன்றாகவே விடலாம் என்று கடையில் சொன்னார்கள். நன்னீர்ப் பழக்கத்தில் எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆனாலும் பணம் கொடுக்கும் நேரத்தில் ஏதோ நெருடியது, வெறுங்கையோடு திரும்பிவிட்டேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

உப்புக்காற்று, சென்னை | ஜனவரி 11

வெறுங்கையோடு திரும்பியது நல்ல காரியம். பதினான்கு ஆண்டுகளாக இந்தத் தொட்டிகளோடு புழங்குகிறேன். நான் இழந்த மீன்களில் பெரும்பாலானவை தண்ணீர் கெட்டுச் சாகவில்லை. பக்கத்து மீன் துரத்தியே செத்தன.

நன்னீரில் லிட்டர் கணக்குப் பார்த்துப் பழகிவிட்டோம். பவளத் தொட்டியில் லிட்டரை எண்ணிப் பயனில்லை, வீட்டை எண்ண வேண்டும். பவளத்திட்டில் வாழும் மீன்களில் பல, பகலில் ஓர் இடத்தைத் தன்னுடையது என்று காவல் காக்கும். இரவில் ஒரு பொந்தில் நுழைந்து உறங்கும். அந்தப் பொந்தில் இன்னொன்று நுழைந்தால் சண்டைதான். திட்டில் தோற்ற மீன் பத்து மீட்டர் தள்ளிப் போய்ப் பிழைத்துக்கொள்ளும். உங்கள் தொட்டியில் அது 60 செ.மீ.தான் போக முடியும். அங்கே கண்ணாடி இருக்கிறது. மறுநாளும் அதே எதிரி, அதே மூலை. மூன்றாம் நாள் அது தீனி எடுக்காது. பத்தாம் நாள் நத்தைகள் அதை மொய்த்திருக்கும்.

ஆகவே முதலில் உங்கள் பாறையைப் பாருங்கள். மீன் புகுந்து மறையக்கூடிய, ஒன்றிலிருந்து பார்த்தால் இன்னொன்று தெரியாத இடங்கள் எத்தனை? இந்த அளவுத் தொட்டியில் பாறையை எவ்வளவு நன்றாக அடுக்கினாலும் நான்கு, மிஞ்சினால் ஐந்து தேறும். அதுதான் உங்கள் மீன் கணக்கு.

இனிப் பட்டியலுக்கு வருகிறேன்.

கோமாளி மீன் இரண்டு: தாராளமாக விடலாம். கடல் சாமந்தி: வேண்டாம். அது பிடிக்காத இடத்தில் நிற்காது, நகரும். நகரும்போது வழியில் இருக்கும் பவளங்களைத் தேள்போல் கொட்டிக்கொண்டே போகும். இரவில் பம்பின் வாய்க்குள் இழுபட்டுக் கிழிந்தால், விடிவதற்குள் சிறிய தொட்டியின் தண்ணீர் முழுவதும் கெட்டுவிடும். பண்ணையில் பிறந்த கோமாளி மீன் கடல் சாமந்தி இல்லாமலே வாழ்நாள் முழுவதும் நலமாக இருக்கும். பல மீன்கள் ஏதாவது ஒரு மென்பவளத்தையோ பம்பின் ஓரத்தையோ தன் வீடாக எடுத்துக்கொள்ளும்.

புளூ டாங்: இதில் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், வாங்காதீர்கள். நான்கு செ.மீ. குட்டி என்பது இன்றைய அளவு. வளர்ந்தால் 30 செ.மீ. வரும். உங்கள் தொட்டியின் நீளத்தில் பாதி! பகல் முழுவதும் நீந்திக்கொண்டே மிதவை உயிர்களையும் பாசியையும் தின்னும் மீன் அது. அடைத்து வைத்தால் உடலில் வெண்புள்ளி நோய் முதலில் ஏறுவது அதற்குத்தான்.

மாண்டரின்: அதைவிட அழகான மீனை நான் பார்த்ததில்லை. ஆனால் அது நாள் முழுவதும் பாறையில் ஒட்டியிருக்கும் கோப்பிபாட் என்ற பொடி உயிரிகளை ஒவ்வொன்றாகக் கொத்தித் தின்றே வாழ்கிறது. ஒன்பது வாரத் தொட்டியில் இருப்பதை ஒரு வாரத்தில் தின்று தீர்த்துவிடும். பிறகு வயிறு உள்வாங்கி, தலை மட்டும் பெரிதாகத் தெரியும். அந்தக் கோலத்தில் அதைப் பார்ப்பது கொடுமை. பொறுக்கித் தின்னும் மீன் என்பதால் நாம் போடும் குருணைத் தீனியைப் பெரும்பாலும் திரும்பிக்கூடப் பார்க்காது.

மூன்று கோட்டு டாம்சல் மூன்று: ஆறு மாதத்தில் ஒன்றாகிவிடும். அந்த ஒன்று தொட்டி முழுவதையும் ஆளும்.

சிக்ஸ்லைன் பற்றி மற்றவர்களும் சொல்லட்டும். இறால் இரண்டும் நல்ல தேர்வு. ஆனால் மீன்கள் நிலைபெற்ற பிறகு வாங்குங்கள்.

வெண்மணல், மதுரை | ஜனவரி 12

சில விஷயங்களில் உடன்படவில்லை. என் தொட்டி 150 லிட்டர். மூன்று கோட்டு டாம்சல் ஒன்றோடுதான் தொடங்கினேன். நான்கு ஆண்டாக இருக்கிறது. கோமாளி மீன்களோடு எந்தத் தகராறும் இல்லை. டாம்சல் என்றாலே ரவுடி என்று முத்திரை குத்துவது நியாயமில்லை. நோயை எதிர்த்து நிற்கும், எதையும் தின்னும், விலையும் குறைவு. புதியவர்களுக்கு இதைவிட நல்ல மீன் எது?

சிக்ஸ்லைனும் அப்படித்தான். பவளத்தின் மேல் படரும் தட்டைப்புழுக்களைப் பொறுக்கித் தின்னும் மீன் அது. வேலை செய்யும் மீனை ஒதுக்கிவிட்டு, பார்க்க மட்டும் அழகான மீன்களை வாங்கச் சொல்வது சரியா?

உப்புக்காற்று, சென்னை | ஜனவரி 12

வெண்மணல், உங்கள் தொட்டியில் டாம்சலுக்குப் பிறகு எத்தனை புதிய மீன் விட்டீர்கள், அவற்றில் எத்தனை இருக்கின்றன? குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. இந்த விவாதத்தில் அந்தக் கணக்குத்தான் முக்கியம்.

வெண்மணல், மதுரை | ஜனவரி 12

கோமாளி மீன்கள் இரண்டும் இருக்கின்றன. ராயல் கிராமா ஒன்று, ஃபயர்ஃபிஷ் இரண்டு விட்டேன். அவை மூன்றும் நிலைக்கவில்லை. நோய் என்று நினைத்திருந்தேன்.

நீங்கள் கேட்ட பிறகு யோசித்துப் பார்க்கிறேன். மூன்றும் தொட்டியின் ஒரே மூலையில், மேல்மட்டத்தில், கண்ணாடியோடு ஒட்டியே நின்றன. வால் துடுப்பு நைந்திருந்தது. அது நோயில்லை போலிருக்கிறது.

நெய்தல், கோவை | ஜனவரி 12

மேல்மூலையில் கண்ணாடியோடு ஒட்டி நிற்பது துரத்தப்படும் மீனின் அடையாளம். அதைப் பார்த்தவுடன் தண்ணீர்ச் சோதனைக் குப்பியை எடுப்பதற்கு முன், பத்து நிமிடம் தொட்டி எதிரே அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். நாம் அருகில் போனால் எல்லா மீனும் தீனிக்கு ஓடிவரும், சண்டையை மறந்துவிடும். நாம் அறையைவிட்டு வெளியேறிய பின்தான் உண்மையான ஆட்டம் தொடங்கும். என் கைப்பேசியைச் சாய்த்து வைத்துப் பதிவு செய்து பார்த்தபோதுதான் எங்கள் வீட்டு சிக்ஸ்லைன் என்ன செய்கிறது என்று தெரிந்தது.

அதைச் சொல்லியே ஆக வேண்டும். 100 லிட்டர் தொட்டி. சிக்ஸ்லைனை இரண்டாவதாக விட்டேன். நான்கு மாதம் கழித்து ஒரு ஃபயர்ஃபிஷ் வாங்கினேன். முன்பாதி பால்வெள்ளை, பின்பாதி தீச்சுடர்ச் சிவப்பு, முதுகில் நீண்ட ஒற்றைத் துடுப்பு. நீரோட்டத்தை எதிர்த்து நின்ற இடத்திலேயே நின்று அந்தத் துடுப்பை விசுக் விசுக்கென்று நிமிர்த்தி மடக்கும். மிக மென்மையான மீன். பயந்தால் அதற்கு ஒரே வழிதான் தெரியும்: பொந்து. பொந்து கிடைக்காவிட்டால் மேலே பாயும்.

மூன்றாம் நாள் காலையில் மீனைக் காணவில்லை. பாறைக்குப் பின்னால் இருக்கும் என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்து வீடு பெருக்கும்போது தொட்டி மேசையின் பின்காலுக்கும் சுவருக்கும் இடையில் கிடந்தது. காய்ந்து, மிளகாய் வற்றல்போல் வளைந்திருந்தது. நிறம் மட்டும் போகவில்லை. அந்தச் சிவப்பு அப்படியே இருந்தது. அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை.

பதிவில் பார்த்தது இதுதான்: சிக்ஸ்லைன் கடிக்கவே இல்லை. ஒவ்வொரு நிமிடமும் வந்து, ஃபயர்ஃபிஷ் நுழைந்த ஒவ்வொரு பொந்தின் வாசலிலும் நின்று எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான். அதுவே போதுமானதாக இருந்தது.

சிக்ஸ்லைன் கெட்ட மீன் என்று சொல்ல மாட்டேன். பெரிய தொட்டியில், கடைசி மீனாக விட்டால் பலருக்கு நன்றாக இருக்கிறது. அலைவாய்க்கரை, 120 லிட்டரில் அதை விட்டால் அதற்குப் பிறகு அமைதியான மீன் எதையும் சேர்க்க முடியாது என்று தெரிந்தே விடுங்கள்.

இன்னொன்று, வலை மூடி. 6 மி.மீ. கண்ணுள்ள ஒளிபுகும் வலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டித் தொட்டியின் மேல் வையுங்கள். ஒயர் போகும் இடத்தில் விடும் இரண்டு விரல் இடைவெளி போதும் மீன் வெளியே போக. அதையும் அடையுங்கள்.

முத்துக்குளித்துறை, தூத்துக்குடி | ஜனவரி 13

நான் இந்தக் கரையில் பிறந்தவன். அப்பா சங்கு குளித்தவர். சிறு வயதில் அவரோடு படகில் போய், தண்ணீருக்குள் முகத்தை வைத்துப் பார்த்த பார்களின் (கடலடிப் பாறைத் திட்டுகளின்) நினைவில்தான் நான் தொட்டி வைத்திருக்கிறேன். அதனால் இதைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன்.

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையில் 21 தீவுகளைச் சுற்றியுள்ள கடல் 1986இல் தேசியப் பூங்கா ஆயிற்று. அதற்கு முன்பும் பின்பும் முருகைக்கல்லை (பவளப்பாறையை)ச் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் வெட்டி எடுத்த காலத்தை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். கல் பவளங்கள், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. ஆகவே "கரையில் கிடந்த கல்" என்று யாராவது உயிர்ப்பாறையோ (கடலுயிர்கள் ஒட்டியிருக்கும் கல்), கடல் குதிரையோ கொடுத்தால் கை நீட்டாதீர்கள். நீங்கள் செயற்கைப் பாறை வாங்கியது நிறைவாக இருக்கிறது. மென்பவளம் வாங்கும்போதும் ரசீதும் எங்கிருந்து வந்தது என்ற விவரமும் கேளுங்கள்.

இனி மீன். எங்கள் கடலில் இருக்கும் கோமாளி மீன் நீங்கள் நினைக்கும் ஆரஞ்சு மீன் இல்லை. இங்கே இருப்பவை கிளார்க்கி, செபே இரண்டும். உடல் கருமையாகவும் பழுப்பாகவும் இருக்கும். செபே 16 செ.மீ. வரை வளரும், முரடு. விலை மலிவாக இருக்கிறது என்று சிலர் இதைச் சிறிய தொட்டியில் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் வேறு மீனுக்கு அங்கே இடமே இல்லை. நீங்கள் கேட்கும் ஆரஞ்சு மீனின் பெயர் ஓசலாரிஸ், அது பெரும்பாலும் ஒன்பது, பத்து செ.மீ.யோடு நின்றுவிடும்.

பண்ணையில் பொரித்த குஞ்சாகவே கேட்டு வாங்குங்கள். மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்து வளர்க்கும் ஆராய்ச்சி பல ஆண்டுகளாக நடந்து, வழிமுறை மீனவக் குடும்பங்கள் வரை வந்திருக்கிறது. பண்ணைக் குஞ்சு முதல் நாளே குருணைத் தீனி எடுக்கும். கடலில் பிடித்தது பெட்டியில் அடைபட்டு வந்த களைப்பில், தோல் உரியும் நோயோடு வந்தால் இரண்டு நாளில் முடிந்துவிடும்.

எங்கள் ஊர் மீன் என்று ஆசைப்பட்டுக் கிளாத்தி, பேத்தை, களவாக் குஞ்சு, சிங்க மீன் இவற்றில் எதையும் விட வேண்டாம். முதல் இரண்டும் நத்தையையும் இறாலையும் ஓட்டோடு நொறுக்கும். பின்னிரண்டும் வாயில் நுழையும் எதையும் விழுங்கும். ஓரா பாசி மேயும் சாதுதான். ஆனால் பெரிதாக வளரும். முதுகு முள் விஷம். தொட்டிக்குள் கை விடும் நமக்கு அது ஆகாது.

அலைவாய்க்கரை, சென்னை | ஜனவரி 13

எல்லோருக்கும் நன்றி. நெய்தல் அக்கா எழுதியதைப் படித்துவிட்டு முதல் வேலையாக வலை மூடி செய்யச் சொல்லிவிட்டேன்.

நேற்று இரவு டார்ச் அடித்துப் பாறையில் பொந்துகளை எண்ணினேன். ஒன்றையொன்று பார்க்காத இடம் மூன்றுதான். பாறையைக் கலைத்து அடுக்கினால் ஐந்து வரும். பட்டியலில் கோமாளி மீன்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அவற்றோடு வேறு எவை, எந்த வரிசையில்? கோமாளி மீனில் ஆண், பெண் பார்த்து வாங்க வேண்டுமா?

உப்புக்காற்று, சென்னை | ஜனவரி 14

பாறையைக் கலைக்கப் போகிறீர்கள் என்றால் நல்ல நேரத்தில் சொன்னீர்கள். இந்த முறை பாறையை மணல் மேல் வைக்காதீர்கள். அடிக்கண்ணாடி மேல் நேரடியாக நிற்க வைத்து, பிறகு சுற்றிலும் மணல் இடுங்கள். காரணம் கீழே வருகிறது.

தொட்டியை மூன்று மாடியாகப் பாருங்கள்: தரை, பாறை, நடுநீர். ஒரு மாடிக்கு ஒரு குடும்பம். ஒரே மாடிக்கு, ஒரே உருவத்தில், ஒரே தீனிக்கு இரண்டு மீன் வந்தால்தான் பெரும்பாலான சண்டை.

தரைக்கு மஞ்சள் வாட்ச்மேன் கோபி மீன் ஒன்றும், அதனோடு ஒரு பிஸ்டல் இறாலும். இந்த ஜோடிக்காகவே சிலர் தொட்டி வைக்கிறார்கள். இறாலுக்குக் கண் பார்வை மிகக் குறைவு. வளை தோண்டுவது அதன் வேலை. கோபிக்குத் தோண்டத் தெரியாது, கண் கூர்மை. இறால் மணலை அள்ளிக்கொண்டு வெளியே வரும் ஒவ்வொரு முறையும் தன் மீசையில் ஒன்றைக் கோபியின் உடம்பில் வைத்துக்கொண்டேதான் வரும். ஆபத்து என்றால் கோபி வாலை ஒரு சிலிர்ப்புச் சிலிர்க்கும். இறால் மணலைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடும். இருவரும் ஒரே வளையில் உறங்குவார்கள். வளை பாறைக்கு அடியில்தான் போகும். மணல் மேல் நிற்கும் பாறை அப்படியே சரியும். அதற்காகத்தான் அடிக்கண்ணாடி மேல் வைக்கச் சொன்னேன். மணல் ஐந்து, ஆறு செ.மீ. ஆழம் இருக்கட்டும். பவளப்பொடியில் உடைந்த சிப்பித் துண்டுகளும் கலந்தால் இறாலுக்குக் கூரை கட்ட வசதி. இரவில் "டக்" என்று கண்ணாடி விரிசல் விட்டதுபோல் சத்தம் வரும். பதறாதீர்கள், இறால் கொடுக்கைச் சொடுக்குகிறது.

பாறைக்கு ராயல் கிராமா ஒன்று. முன்பாதி ஊதா, பின்பாதி மஞ்சள், எட்டு செ.மீ. தன் குகை வாசலில் யாராவது வந்தால் வாயை அகலத் திறந்து காட்டும். அதற்கு மேல் போகாது. வாங்கும்போது ஒரு விழிப்பு வேண்டும். இதே இரண்டு நிறத்தில் டாட்டிபேக் என்ற மீனும் கடைகளில் இருக்கும், விலை குறைவு. டாட்டிபேக்கில் ஊதாவும் மஞ்சளும் கோடு கிழித்ததுபோல் பிரியும். கிராமாவில் ஊதா புள்ளி புள்ளியாக மஞ்சளுக்குள் கரையும். கண் வழியே ஒரு கருங்கோடு ஓடும். முதுகுத் துடுப்பின் முன்னே கரும்புள்ளி இருக்கும். டாட்டிபேக்கைச் சிறிய தொட்டியில் விட்டால் சிக்ஸ்லைன் கதைதான்.

நடுநீருக்கு ஃபயர்ஃபிஷ் ஒன்று. இரண்டு வேண்டாம்; உண்மையான ஜோடியாக அமையாவிட்டால் ஒன்று மற்றொன்றை ஒதுக்கிவிடும்.

வரிசைதான் எல்லாவற்றிலும் முக்கியம். அஞ்சும் மீன் முதலில், ஆளும் மீன் கடைசியில். ஃபயர்ஃபிஷ் முதலில் வரட்டும். காலி வீட்டில் தனக்குப் பிடித்த பொந்தைத் தேர்ந்துகொள்ளட்டும். மூன்று வாரம் கழித்துக் கோபியும் இறாலும். பிறகு மூன்று, நான்கு வாரத்தில் கிராமா. கடைசியாகக் கோமாளி மீன்கள். புதியவர்கள் எல்லோரும் கோமாளி மீனைத்தான் முதலில் வாங்குகிறார்கள். அது சிறியதாக இருக்கும்போது சாது. ஓர் இடத்தைப் பிடித்துவிட்டால் வீட்டுக்காரர்.

ஆண், பெண் பார்க்கத் தேவையில்லை. கோமாளி மீன் எல்லாம் ஆணாகவே வாழ்க்கையைத் தொடங்கும். இரண்டில் வலியது பெண்ணாக மாறும். பெண் இறந்துபோனால் மீந்த ஆண் பெண்ணாகும். ஆகவே ஒரே பண்ணைக் குஞ்சுகளில் சற்றுப் பெரியது ஒன்று, சிறியது ஒன்று என்று ஒரே நாளில் வாங்குங்கள். சில நாளில் சிறியது பெரியதன் முன் உடம்பைச் சாய்த்து நடுங்கிக் காட்டும். வலிப்பு என்று பயப்படாதீர்கள். "நீயே பெரியவள்" என்று ஒப்புக்கொள்கிறது. வளர்ந்த இரண்டு பெண்களை மட்டும் ஒன்றாக விட்டுவிடாதீர்கள். அதில் ஒன்று சாகும்.

நெய்தல், கோவை | ஜனவரி 14

பங்காய் கார்டினலும் இந்த அளவுக்குப் பொருந்தும் மீன்தான். அமைதியானது, ஆண் மீன் முட்டைகளை வாயிலேயே அடைகாக்கும். ஆனால் கூட்டமாக வாங்காதீர்கள். நான் ஐந்து வாங்கினேன். அவற்றில் இரண்டு மட்டும் ஜோடியாகி மற்ற மூன்றையும் முடித்தன. இந்தோனேசியாவில் பங்காய் தீவுகளைச் சுற்றி மட்டுமே இயல்பாக வாழும் மீன், அருகிவிட்ட இனம். பண்ணையில் பிறந்ததாக உறுதி கிடைத்தால் மட்டும் யோசியுங்கள். எனக்கு அப்போது அது தெரியாது. தெரிந்திருந்தால் ஐந்து வாங்கியிருக்க மாட்டேன்.

கல்லடி, மட்டக்களப்பு | ஜனவரி 15

எங்கள் கிழக்குக் கரையில் சுழியோடிகள் வண்ண மீன் பிடித்து ஏற்றுமதிக்குக் கொடுப்பார்கள். சில காலம் அந்தச் சேகரிப்பு நிலையம் ஒன்றில் வேலை பார்த்தேன். எந்த மீன் பொருந்தும் என்று நண்பர்கள் சொல்லிவிட்டார்கள். கடையில் பத்து கிராமா இருந்தால் அதில் எது என்று நான் சொல்கிறேன்.

முதலில் மீனை மேலிருந்து பாருங்கள். தலைக்குப் பின்னால் முதுகுச் சதை உள்வாங்கி இருந்தால் பல நாள் பட்டினி. பக்கவாட்டில் பார்த்தால் அது தெரியாது. அடுத்து, மீன் நின்ற இடத்தில் நிற்கிறதா என்று கவனியுங்கள். ஆழத்திலிருந்து அவசரமாக மேலே கொண்டுவந்த மீனுக்குக் காற்றுப்பை வீங்கிவிடும். தலை கீழும் வால் மேலுமாக மிதந்து, கீழே இறங்கத் துடுப்பை ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கும். கண்ணுக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை விட்டுவிடுங்கள்.

சில நாடுகளில் சயனைடு தெளித்துப் பிடிக்கும் மீன்களும் சந்தைக்கு வருகின்றன. அவை கடையில் நிறம் மின்னும், சுறுசுறுப்பாக இருக்கும். சில வாரங்களில் காரணம் தெரியாமல் செத்துவிடும். பண்ணை மீன் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடைக்காரரிடம் உங்கள் முன்னால் தீனி போடச் சொல்லுங்கள். பாய்ந்து வந்து தின்னும் மீனை வாங்குங்கள். தின்னாத மீனை "வீட்டுக்குப் போனால் தின்னும்" என்றால் நம்பாதீர்கள்.

வெண்மணல், மதுரை | ஜனவரி 15

புதிய மீனை, நோய் இருக்கிறதா என்று தனித்தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விட வேண்டுமா? நான் நேராகவே விடுகிறேன். இடமும் இல்லை.

நெய்தல், கோவை | ஜனவரி 15

இடம் இல்லை என்பது எனக்கும் தெரிந்த கஷ்டம். ஆனாலும் செய்யுங்கள். 40 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள இரண்டு பிவிசி குழாய்த் துண்டு. அவ்வளவு போதும். நான்கு வாரம் வையுங்கள். வெண்புள்ளி நோய்க்கு மருந்து செம்பு. பவளமும் இறாலும் நத்தையும் உள்ள தொட்டியில் செம்பு ஒரு துளிகூட விட முடியாது. நோய் பெரிய தொட்டிக்குள் போய்விட்டால், எல்லா மீனையும் பிடித்து வெளியேற்றிப் பத்துப் பதினோரு வாரம் தொட்டியை மீனில்லாமல் வைக்க வேண்டியிருக்கும். பாறையைப் பிரிக்காமல் ஃபயர்ஃபிஷைப் பிடிக்க முயன்று பாருங்கள், அப்போது புரியும்.

தனித்தொட்டி முடிந்த பிறகும், துளையிட்ட ஒளிபுகும் பெட்டியில் அடைத்துப் பெரிய தொட்டிக்குள் மூன்று, நான்கு நாள் தொங்கவிடுங்கள். பழைய மீன்கள் வந்து முறைத்துப் பார்க்கும், முட்டும், அலுத்துப்போய்விடும். பிறகு விளக்கை அணைத்துவிட்டுத் திறந்துவிடுங்கள்.

அலைவாய்க்கரை, இன்னொரு வார்த்தை. உங்கள் மென்பவளம் ஜோவாந்தஸ் வகையாக இருந்தால் வெறுங்கையால் தேய்க்காதீர்கள். அந்தப் பாறையைக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்யும் எண்ணம் அறவே வேண்டாம். அவற்றில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. அந்த ஆவியை மூச்சில் இழுத்து வீட்டோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

அலைவாய்க்கரை, சென்னை | மே 19

நான்கு மாதம் கழித்து எழுதுகிறேன். நீங்கள் சொன்ன வரிசையிலேயே போனேன். ஃபயர்ஃபிஷ், கோபி, இறால், கிராமா எல்லாம் தொட்டிக்குள் இருக்கின்றன. கோமாளி மீன் இரண்டும் தனித்தொட்டியில் மூன்றாவது வாரம்.

இப்போது வேறொரு கவலை. வெயில் தாங்க முடியவில்லை. அறையில் 34. தொட்டித் தண்ணீர் நேற்றுப் பிற்பகல் 30.5 வரை ஏறியது. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க இப்போது வசதியில்லை. கிராமா மூச்சு வேகமாக வாங்குகிறது. இந்த நிலையில் இன்னும் இரண்டு மீனை விடலாமா?

உப்புக்காற்று, சென்னை | மே 19

விட வேண்டாம். தண்ணீர் சூடேற ஏற அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். மீனுக்கோ அப்போதுதான் அதிகம் தேவைப்படும். ஜனவரியில் ஐந்து மீனைத் தாங்கும் தொட்டி மே மாதத்தில் மூன்றைத்தான் தாங்கும். நம் ஊரில் மீன் எண்ணிக்கையைக் கத்திரி வெயிலை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

இரண்டு சிறிய மின்விசிறிகளை நீரின் மேற்பரப்பில் சாய்வாக வீசும்படி வையுங்கள். இரண்டு, மூன்று டிகிரி குறையும். நாளுக்கு இரண்டு, மூன்று லிட்டர் ஆவியாகிவிடும், அதை ஆர்.ஓ. தண்ணீரால் மட்டும் நிரப்புங்கள். உப்பு ஆவியாவதில்லை; உப்புத் தண்ணீர் ஊற்றினால் அடர்த்தி ஏறிக்கொண்டே போகும். விளக்கை மாலை ஐந்துக்கு மேல் எரியவிடுங்கள். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று கட்டாயம் வாங்கி வையுங்கள். மின்வெட்டு இரவில்தான் வரும். தீனியைப் பாதியாக்குங்கள்.

கோமாளி மீன்கள் ஜூலை வரை தனித்தொட்டியில் இருந்தால் ஒன்றும் குறைந்துபோகாது.

முத்துக்குளித்துறை, தூத்துக்குடி | மே 20

தனித்தொட்டிக்கும் ஒரு விசிறி வையுங்கள் தம்பி. சிறிய தொட்டி இன்னும் வேகமாகச் சூடேறும்.

அலைவாய்க்கரை, சென்னை | அக்டோபர் 26

கோமாளி மீன்களை ஜூலை கடைசியில் விட்டேன். பெட்டியில் நான்கு நாள் தொங்கவிட்டபோது கிராமா மட்டும் வந்து வாயைத் திறந்து திறந்து காட்டியது. ஃபயர்ஃபிஷ் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. திறந்துவிட்ட மறுநாளே பெரியது பம்புக்குக் கீழே உள்ள மென்பவளத்தைத் தனதாக்கிக்கொண்டது. இப்போது கண்ணாடி துடைக்கக் கை விட்டால் வந்து கடிக்கிறது. சிறியது அதன் பின்னாலேயே நடுங்கிக்கொண்டு திரிகிறது. உப்புக்காற்று அண்ணா முன்பே சொல்லாமல் இருந்திருந்தால் மருந்து வாங்க ஓடியிருப்பேன்.

ஃபயர்ஃபிஷுக்கு முதலில் பிடித்த அதே பொந்துதான். விளக்கு மங்கியதும் வாலை முதலில் உள்ளே விட்டு, தலையை வெளியே வைத்துக்கொண்டு பின்னோக்கி நுழைகிறது. ஆகஸ்டில் ஒரு நாள் நான் நாற்காலியைத் தள்ளிய சத்தத்தில் பாய்ந்து வலையில் மோதி, மீண்டும் தண்ணீரிலேயே விழுந்தது. நெய்தல் அக்காவை நினைத்துக்கொண்டேன்.

சென்ற வாரம் கடைக்குப் போயிருந்தேன். நல்ல மாண்டரின் ஒன்று வந்திருந்தது. வயிறு நிறைந்து, வண்ணம் தெளித்ததுபோல் இருந்தது. கால் மணி நேரம் எதிரே நின்று பார்த்துவிட்டு, உப்புப் பாக்கெட் ஒன்று மட்டும் வாங்கி வந்தேன். பொந்து ஐந்தில் ஒன்று காலியாகத்தான் இருக்கிறது. அடுத்த கோடையைப் பார்த்த பிறகுதான் அதைப் பற்றி யோசிப்பேன்.

இறால் இரவில் சொடுக்கும் சத்தம் வீட்டில் எல்லோருக்கும் பழகிவிட்டது. நேற்று அது தோல் உரித்தது. வளை வாசலில் அதன் ஓடு மட்டும், மீசை உட்பட முழுதாக, கண்ணாடிபோல் கிடந்தது. கோபி காலை தீனிக்குக்கூட வெளியே வரவில்லை. மதியம் மூன்று மணிக்குத்தான் மஞ்சள் தலை வாசலில் தெரிந்தது, அதன் முதுகின் மேல் ஒற்றை மீசையோடு.